நிமிடத்துக்கு 1 கோடியே 29 லட்சம்! படைச் செலவின் கணக்கு கல்லங்குறிச்சி வரை வருவது தெரியுமா?

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் என்று தன்பாட்டில் இருக்கும் ஊர். லடாக் எங்கே, கல்லங்குறிச்சி எங்கே? பீரங்கிக்கும் போர் விமானத்துக்கும் டெல்லியில் யாரோ கையெழுத்துப் போட்டால் இந்த ஊருக்கு என்ன வந்தது என்றுதான் தோன்றும்.

வருகிறது, ஆனால் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. ஒரு காலத்தில் கப்பம் என்று வந்தது. பிறகு வட்டி, வருமான வரி, விலைவாசி, 14 காரட் தங்கம், தபால் தலை என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. சில நேரம் பென்ஷனாகவும் வேலையாகவும் திரும்பியும் வந்தது. நம்பவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் எவ்வளவு தெரியுமா?

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவில் 13.45 சதவீதம். நிதி அமைச்சகத்தை விட்டால் வேறு எந்த அமைச்சகத்துக்கும் இவ்வளவு கிடையாது. இதை நிமிடக் கணக்கில் வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம் ரூபாய்! இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் பதினைந்து கோடி தாண்டிவிடும்.

தலை சுற்றுகிறதா? அதே தொகையை 145 கோடிப் பேருக்குப் பங்கு போடுங்கள். தலைக்கு ஆண்டுக்கு 4,700 ரூபாய். ஒரு நாளைக்கு 13 ரூபாய். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. பிறந்த குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை தினமும் ஒரு டீயைப் படைக்கு வாங்கிக் கொடுக்கிறோம்.

இன்னொரு ஆச்சரியம்: எல்லைக் காவல் படையும் சி.ஆர்.பி.எஃப்பும் இந்தக் கணக்கில் இல்லை! அவர்களின் செலவு உள்துறை அமைச்சகத்தின் ஏட்டில் தனியாக இருக்கிறது.

சிமென்ட் மூட்டைக்கும் டாங்கிக்கும் என்ன உறவு?

கல்லங்குறிச்சியின் பெயரில் ஒரு பாறை அடுக்கே இருக்கிறது, தெரியுமா? புவியியலாளர்கள் அதைக் ‘கல்லங்குறிச்சிப் படிவம்’ என்றே அழைக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் இறுகிச் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டன. அந்தக் கல்தான் இன்று அரியலூர் வட்டாரத்து ஆலைகளில் சிமென்ட் ஆகிறது.

2025 செப்டம்பர் 21 வரை சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், இப்போது 18. வாங்குகிறவர் கொடுக்கும் அந்த வரியில் பாதி மத்திய அரசின் கணக்குக்கும் பாதி மாநிலத்தின் கணக்குக்கும் போகிறது. மத்தியக் கணக்கில் மாநிலங்களின் பங்கைப் பிரித்துக் கொடுத்த பிறகு மிஞ்சுவது ஒரே பொதுப் பையில் விழுகிறது. 2025-26 பட்ஜெட்டில் அந்தப் பையிலிருந்து செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 13 ரூபாய் 45 காசு பாதுகாப்புக்கு! கொத்தனார் கலவை போடும் நேரத்தில் அந்த வீட்டுக்காரர் லடாக்கில் ஒரு சிப்பாயின் கம்பளிக் கோட்டுக்கும் பணம் கட்டிவிட்டார். ரசீதில் அப்படி ஒரு வரி இருக்காது, அவ்வளவுதான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டில் பாதி எங்கே போனது?

1947 நவம்பர் 26. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே.சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதில் படைகளுக்கு எவ்வளவு? 92.74 கோடி! ஏறக்குறைய பாதி! பிரிவினை, அகதிகள், காஷ்மீர்ச் சண்டை எல்லாம் ஒன்றாக வந்த நேரம். அன்று கிட்டத்தட்ட 47 சதவீதம், 2025-26இல் 13.45. தொகை ஆயிரக்கணக்கான மடங்கு பெருத்துவிட்டது, பங்கு மட்டும் மூன்றில் ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிட்டது. படைச் செலவை வெறும் தொகையாகப் பார்த்தால் மிரட்சிதான் மிஞ்சும். எதில் எவ்வளவு பங்கு என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

போரில் வந்த செல்வம் கடைசியில் அணைக்கட்டானது தெரியுமா?

கல்லங்குறிச்சியிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணித்தால் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரனின் தலைநகர். வடக்கே கங்கை வரை படை நடத்தி, 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியவர். அந்தக் கால அரசுக்குப் படை என்பது செலவுக் கணக்கு மட்டுமல்ல, வரவுக் கணக்கும்கூட! இராசராசன் சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பொன்னையும் வெள்ளியையும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்ததைக் கல்வெட்டே பட்டியல் போடுகிறது. ஈழப் படையெடுப்பை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சர் இதைக் கொள்ளையின் அரசியல் என்றே வர்ணித்தார்.

இராசேந்திரன் வெற்றிக்குக் கல்லில் தூண் நடவில்லை. ஏரி வெட்டினார்! சோழகங்கம் என்ற அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித் தூண் என்று புகழ்கிறது. படையெடுப்பின் பெருமை பாசனமாகிவிட்டது!

இதையும் கேளுங்கள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கல் எங்கிருந்து வந்தது? கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலை உடைத்து எடுத்துப் போனார்கள்! வென்றவன் எழுப்பிய மதில் எட்டு நூற்றாண்டு கழித்து நெல் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டது. கலைக்கு அது பேரிழப்பு. போரில் சேர்ந்த செல்வம் எந்த உருவில் போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

ஒரு நவாபின் படைக் கடன் ஒரு கவர்னரையே கவிழ்த்தது தெரியுமா?

இப்போது மேற்கே போவோம். பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் வாலிகண்டபுரம் சண்டை இந்தப் பகுதியில்தான் நடந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும். மறு பக்கம் ஆங்கிலேயரும் முகமது அலியும். கோட்டைத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு தரப்போடும் பேரம் பேசியபடி நாளைக் கடத்தினார்! கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அரிசி, மாடு, மற்ற தளவாடங்கள் வாங்கித் தரும் பொறுப்பில் அப்போது இருந்தவர் 25 வயது இளைஞர். பெயர் ராபர்ட் கிளைவ்! அவர் முதலில் பணக்காரர் ஆனது வாளால் அல்ல, படைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த கணக்கால்.

முகமது அலி ஆற்காட்டு நவாபாக நிலைத்தார். ஆனால் தன்னை நிலைநிறுத்திய கம்பெனிப் படைக்கு அவர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். கஜானாவில் பணம் இல்லை. யாரிடம் கடன் வாங்கினார்? அதே கம்பெனியின் ஊழியர்களிடம், கொழுத்த வட்டிக்கு, தனிப்பட்ட முறையில்! கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனியின் குமாஸ்தாக்களிடமே கடனாக வாங்கிக் கம்பெனியிடம் கட்டினார். இப்படி ஒரு சுழல் எங்காவது உண்டா?

ஈடாக எதைக் கொடுத்தார்? இன்னும் அறுவடை ஆகாத நிலங்களின் வரியை! வட்டி ஏற ஏற, வசூல் கடுமையானது. 1765இல் நவாபின் படை அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் மீது பாய்ந்தது. பாக்கிக் கப்பம் ஒரு காரணம். சென்னையில் எழுதிய கடன் பத்திரத்தின் சூடு கல்லங்குறிச்சிச் சீமையில் இப்படித்தான் விழுந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1773இல் நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். கம்பெனியின் கட்டளைப்படி சென்னை கவர்னர் பிகட் 1776இல் அதைத் தஞ்சை மன்னருக்கே திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் எழுந்தார்: தஞ்சாவூர் விளைச்சலின் பேரில் எனக்கு வர வேண்டியது 2,34,000 பவுண்டு! குறைந்த சம்பளக்காரரிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்ட கவர்னருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கைது! சொந்தக் கவுன்சிலே 1776 ஆகஸ்ட் 24 அன்று அவரைப் பிடித்து அடைத்தது. காவலில் இருந்தபோதே 1777 மே மாதம் இறந்துபோனார்.

ஆற்காட்டுக் கடன்காரர்கள் அந்தப் பணத்தைக் கொண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆட்களையே உட்கார வைத்தார்கள் என்று எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று அந்த அவையிலேயே முழங்கினார். முடிவு? 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. எதிரியிடம் தோற்று அந்த நாடு போகவில்லை. தன்னைக் காக்க வைத்துக்கொண்ட படையின் பில்லைக் கட்ட முடியாமல் போனது!

வருமான வரி எந்தப் படைச் செலவில் பிறந்தது?

ஜூலை மாதம் வந்தால் வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரைத் தேடுகிறோமே, அந்த வரியைத் தொடங்கி வைத்தது 1857 கிளர்ச்சி! அதை அடக்கிய செலவில் அரசின் கடன் மலையாகிவிட்டது. ஓட்டையை அடைக்க லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் வந்தார். 1860இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டையும் முதல் வருமான வரியையும் கொண்டுவந்தார். சட்டம் ஏற்கப்பட்ட ஜூலை 24ஐ இன்றும் வருமான வரித் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எதிர்த்தது யார் தெரியுமா? சென்னை கவர்னரே! சார்லஸ் டிரெவெலியன். புதிய வரி வேண்டாம், படைச் செலவைக் குறையுங்கள், அதுவே போதும் என்று வாதாடினார். வாதாடியதோடு நிற்காமல் தன் எதிர்ப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டுவிட்டார். பதவி போனது! லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சில மாதங்களில் வில்சன் கல்கத்தாவில் காலமானார். 1862இல் இந்தியாவின் நிதிப் பொறுப்புக்குத் திரும்பி வந்தவர் யார்? அதே டிரெவெலியன்! 1865இல் அந்த வருமான வரியும் காலாவதியானது. பின்னால் மறுபடி வந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது வேறு கதை.

ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் லண்டனில் படைக் கணக்குக் கேட்டது தெரியுமா?

1867-68இல் பிரிட்டன் அபிசீனியா மீது படையெடுத்தது. அங்கே போன இந்தியச் சிப்பாய்களின் வழக்கமான சம்பளத்தை யார் கட்டியது? இந்தியா! நமக்கு அபிசீனியாவோடு என்ன பகை? இப்படிப்பட்ட செலவுகளை எந்த நாடு ஏற்பது என்று விசாரிக்க 1895இல் வெல்பி ஆணையம் அமைந்தது. 1897இல் அதன் முன் சாட்சி சொன்ன இந்தியர்களில் கோகலேவும் இருந்தார். ‘சுதேசமித்திரன்’ நிறுவிய ஜி.சுப்பிரமணிய ஐயரும் இருந்தார். பட்ஜெட்டைப் படித்து, படைக்கு எவ்வளவு, யாருக்காக என்று கேட்கும் வழக்கம் சுதந்திரத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் இதழியலில் ஊறியிருந்தது!

ஒரு ரூபாய் நோட்டு போரின் பிள்ளை! காலணாவில் ஓட்டை விழுந்ததும் போரால்தான்!

முதல் உலகப் போர். வெள்ளிக்குத் தட்டுப்பாடு. வெள்ளி ரூபாய் அடிக்க வெள்ளி கிடைக்கவில்லை. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. அடுத்த ஆண்டு இரண்டரை ரூபாய்க்கும் ஒரு நோட்டு வந்தது! அதே 1917இல்தான் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு ‘அன்பளிப்பு’ கொடுத்தது. கொடுத்தது யார் பணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்கே பஞ்சம். 1940இல் ரூபாய்க் காசில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1943இல் காலணாவின் நடுவிலேயே ஓட்டை போட்டார்கள்! செம்பு மிச்சம். தாத்தா பெட்டியில் ஓட்டைக் காலணா இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த ஓட்டை ஒரு போர்க்கால பட்ஜெட் வெட்டு!

உண்மையான வெட்டு வேறு இடத்தில் விழுந்தது. பிரிட்டன் இந்தியாவில் கோதுமை, துணி, தளவாடம் எல்லாம் வாங்கிக் குவித்தது. பணம் இங்கே தரவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் ஸ்டெர்லிங் வரவு வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். ஆறே ஆண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கும் மேல்! பொருளோ ராணுவத்துக்குப் போகிறது. நோட்டோ ஊரில் பெருகுகிறது. விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. யாரும் வரி போடவில்லை, ஆனால் கூலிக்காரர் வாங்கிய படி அரிசி பாதியாகிவிட்டது. பணவீக்கம் என்பதே மிகக் கொடிய போர் வரி. 1943 வங்கப் பஞ்சத்துக்கு உணவு விளையாதது மட்டும் காரணமல்ல, போர்க்காலச் செலவு கிளப்பிய விலையேற்றத்தில் ஏழைகளின் வாங்கும் சக்தி செத்ததுதான் முக்கியம் என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டார். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல்.

முடிவில் இன்னொரு வியப்பு! போருக்கு முன் பிரிட்டனிடம் கடன்பட்டிருந்த இந்தியா, போர் முடிந்தபோது பிரிட்டனுக்கே கடன் கொடுத்த நாடு. லண்டனில் சேர்ந்திருந்த வரவு ஏறக்குறைய 130 கோடி பவுண்டு!

சீனப் போர் தமிழ்நாட்டு ஆசாரியின் உலையை அணைத்தது தெரியுமா?

1962 சீனப் போருக்குப் பிறகு பாதுகாப்புச் செலவு இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. ஆயுதம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அது தங்கக் கடத்தலில் ஒழுகிக்கொண்டிருந்தது. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனி புதிய நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது! 22 காரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் 14 காரட்டா? வாங்குவோர் கையைக் கட்டிக்கொண்டார்கள். பட்டறைகளில் வேலை நின்றது. பொற்கொல்லர்கள் தலைமுறைத் தொழிலை இழந்து தெருவில் இறங்கிப் போராடினார்கள். 14 காரட் விதி 1966இல் தளர்ந்தது. சட்டம் முழுவதுமாகப் போனது 1990இல்! இமயத்தில் ஒரு மாதம் நடந்த சண்டை, தங்கப் பட்டறைக்குள் இருபத்தேழு ஆண்டு நடமாடியது.

1965 பாகிஸ்தான் போர் வந்தது, வெளிநாட்டு உதவி நின்றது, மழையும் பொய்த்தது. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்குத் தாவியது! ஐந்தாண்டுத் திட்டமே மூன்று ஆண்டு விடுமுறை எடுத்துக்கொண்டது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் வந்தபோது, ஒவ்வொரு கடிதத்திலும் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால் தலை ஒட்ட வேண்டும் என்றது அரசு. நெருக்கடி கடிதம் எழுதியவரையும் தேடி வந்தது!

பென்ஷன் மட்டும் எவ்வளவு தெரியுமா?

இது பலருக்கும் தெரியாதது. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட்டில் பென்ஷனுக்கு மட்டும் 1,60,795 கோடி! அதே ஆண்டு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் முழு ஒதுக்கீடே 1,28,650 கோடிதான். கல்விச் செலவின் பெரும்பகுதியை மாநிலங்கள் ஏற்கின்றன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் இடைவெளி வாயைப் பிளக்க வைக்கிறது.

ஆனால் இதில் ஒரு நல்ல பக்கம் உண்டு. நாடு முழுக்க 34 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போகும் இந்தப் பணம் எந்த ஆயுதக் கம்பெனிக்கும் போகவில்லை. மாதா மாதம் ஊர்களுக்கு வருகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் நிற்காமல் வந்து மளிகைக் கடையிலும் கல்லூரிக் கட்டணத்திலும் கொத்தனார் கூலியிலும் இறங்குகிறது. படைச் செலவில் கிராமப் பொருளாதாரத்தை நேராகத் தொடும் பகுதி இதுதான். மறுபக்கம், பென்ஷன் பெருகப் பெருகப் புதிய தளவாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் எஞ்சுவது குறையும். இரண்டுமே உண்மை!

வேலை எங்கே விழுகிறது?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது. 1965 முடிவதற்குள் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. நீலகிரி அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை அதற்கும் முன்பே, 1900களின் தொடக்கத்திலிருந்து! திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு ஆவடிக்கு வந்த ஆர்டர் 7,523 கோடி ரூபாய். 200 இந்திய நிறுவனங்கள் உதிரிபாகம் தரும், சுமார் 8,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அரசு அறிவித்தது.

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு ஐந்து முனைகள்: சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி. அரியலூரும் பெரம்பலூரும் பட்டியலில் இல்லை! திருச்சி முனை பக்கத்தில்தான். இருந்தாலும் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊருக்குத் துப்பாக்கிக் குழாய் கடையும் வேலை தானாக வந்துவிடாது. லேத் பட்டறை, பயிற்சி பெற்ற கை, தரச் சான்று மூன்றும் சேர்ந்தால்தான் வரும். வரி எல்லா ஊரிலிருந்தும் போகிறது. ஆர்டர் சில ஊர்களில்தான் இறங்குகிறது. படைச் செலவின் பொருளாதாரத்தில் கவனிக்க வேண்டிய முதல் ஏற்றத்தாழ்வு இது.

வெளிநாட்டில் வாங்கினால் அந்த ஆர்டரும் இங்கே இறங்காது. 2016இல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஏறக்குறைய 787 கோடி யூரோ பிரான்சுக்குப் போனது. 2020 முதல் 2024 வரை உலகிலேயே அதிகம் ஆயுதம் இறக்குமதி செய்த நாடுகளில் உக்ரைனுக்கு அடுத்து நாம்தான். இன்னொரு பக்கம், 2013-14இல் 686 கோடியாக இருந்த நம் பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடி! முப்பத்து நான்கு மடங்கு!

துப்பாக்கிக்குப் பதில் பள்ளிக்கூடம் என்றால் எத்தனை வேலை?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2011இல் கணக்குப் போட்டார்கள். 100 கோடி டாலரைப் படைக்குச் செலவழித்தால் 11,200 வேலை. அதே பணத்தைக் கல்விக்குப் போட்டால் 26,700! இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் எளிது: கல்வியில் பணத்தின் பெரும்பகுதி சம்பளமாகப் போகிறது, படையில் பெரும்பகுதி இயந்திரமாகப் போகிறது. இதைப் பொருளியலாளர்கள் மட்டும் சொல்லவில்லை. ஒரு நவீன குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று 1953இல் சொன்னவர் அமெரிக்க அதிபர் ஐசனோவர். ஐந்து நட்சத்திர ஜெனரல்!

அப்படியென்றால் படைச் செலவு வீண்தானா? அவசரப்படாதீர்கள். அக்னி ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த கூட்டுப்பொருளை ஐதராபாத் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர் ஆய்வகத்துக்கு வந்தபோது கையில் தூக்கிப் பார்த்தார். போலியோ பாதித்த குழந்தைகள் கிலோக்கணக்கில் எடையுள்ள இரும்புக் கம்பியைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டிருந்த காலம். ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமின் குழு அதே பொருளில் சில நூறு கிராமில் கால் தாங்கி செய்து கொடுத்தது. ஏவுகணைப் பணம் குழந்தையின் நடையாகவும் மாறும்! அமெரிக்கப் படை தன் தேவைக்குச் செய்த ஜி.பி.எஸ். இன்று நம் லாரி ஓட்டுநரின் செல்போனில் வழி சொல்கிறது.

உலகம் எவ்வளவு கொட்டுகிறது?

ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலகப் படைச் செலவு 2,71,800 கோடி டாலர். ஒரே ஆண்டில் 9.4 சதவீதம் ஏற்றம்! இந்தியா ஐந்தாவது இடம், 8,610 கோடி டாலர். உக்ரைன் தன் மொத்த உற்பத்தியில் 34 சதவீதத்தைப் படைக்கே போட்டது.

அருகில் இலங்கையைப் பாருங்கள். உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. படை சுருங்கவில்லை. 2022இல் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் நாடு திணறியது. அதற்கு வரிக் குறைப்பு, வெளிநாட்டுக் கடன் என்று பல காரணங்கள் இருந்தாலும், 2023 ஜனவரியில் அரசே ஒப்புக்கொண்டு அறிவித்தது: 2,00,783 பேராக இருக்கும் ராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம்! போர் முடிந்த பதினான்காவது ஆண்டில்.

கோஸ்டா ரிகா என்ற சின்ன நாடோ 1948 டிசம்பர் 1 அன்று ராணுவத்தையே கலைத்துவிட்டது. பெல்லாவிஸ்டா படை முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம்!

பொருளியல் மேதைகளே சண்டை போட்டது தெரியுமா?

1973இல் எமில் பெனாய்ட் 44 வளரும் நாடுகளின் கணக்கைப் புரட்டி, படைக்கு அதிகம் செலவழித்த நாடுகள் வேகமாகவும் வளர்ந்தன என்றார். உலகமே திகைத்தது! பின்னால் வந்தவர்கள் அதே கணக்கைத் திருப்பிப் போட்டு மறுத்தார்கள்: வெளிநாட்டு உதவி வந்த நாடுகள்தான் வளர்ந்தன, படையால் அல்ல. ஐம்பது ஆண்டாகியும் வழக்கு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு மேலே பார்த்த வரலாறே பதில். படைச் செலவு நல்லது, கெட்டது என்று ஒரே தீர்ப்பு கிடையாது. கடனில் வாங்கினால் ஆற்காடு. நோட்டு அச்சடித்து வாங்கினால் 1943. வரியில் வாங்கி உள்ளூரில் செய்தால் ஆவடி. வரிப் பணத்தை வெளியூருக்கு அனுப்பி வாங்கினால் அந்த ஊருக்குத்தான் வேலை.

ஆகவே அடுத்த பிப்ரவரி 1 அன்று டி.வி.யில் பாதுகாப்புக்கு இத்தனை லட்சம் கோடி என்று ஓடும்போது அந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். சம்பளமும் பென்ஷனும் போகப் புதிய தளவாடத்துக்கு எவ்வளவு? அதில் உள்நாட்டில் வாங்குவது எவ்வளவு? 2025-26இல் நவீனமயமாக்கும் நிதியில் 75 சதவீதம், அதாவது 1,11,544 கோடி, உள்நாட்டுக் கொள்முதலுக்கென்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு? பற்றாக்குறையை அடைக்க அரசு வாங்கும் கடன் எவ்வளவு? நான்குக்கும் விடை பட்ஜெட் ஆவணங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜி.சுப்பிரமணிய ஐயர் கணக்குக் கேட்கக் கப்பல் ஏறினார். நமக்கு ஒரு செல்போன் போதும்!